எத்தனை டெராபைட் என்பது இரண்டாவது கேள்வி

2025 செப்டம்பர் 26 இரவு. தென்கொரியாவின் தேஜோன் நகரில் உள்ள தேசியத் தகவல் வள மையத்தின் ஐந்தாம் மாடியில், சர்வர்களுக்குப் பக்கத்திலேயே இருந்த லித்தியம் பேட்டரிகளை அடித்தளத்துக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது பற்றிய தீயில் 384 பேட்டரிகள் எரிந்தன. 709 அரசுச் சேவைகள் ஒரே நேரத்தில் நின்றுபோயின. அவற்றில் 96 சேவைகளின் கருவிகள் நேரடியாகவே கருகின. பெரும்பாலான சேவைகளை நாட்கணக்கில், வாரக்கணக்கில் போராடி ஒவ்வொன்றாக எழுப்பிவிட்டார்கள். ஜி-டிரைவை மட்டும் எழுப்ப முடியவில்லை.

ஜி-டிரைவ் என்பது அரசு ஊழியர்களின் பொது ஃபைல் கிடங்கு. 2018 முதல் இயங்கியது. ஆளுக்கு 30 ஜிபி இடம். வேலை தொடர்பான எதையும் சொந்தக் கணினியில் வைக்காதே, எல்லாவற்றையும் இங்கேயே வை என்பது வழிகாட்டல். பணியாளர் மேலாண்மை அமைச்சகம் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது. அதனாலேயே அதிகம் இழந்தது. மொத்தம் 858 டெராபைட் போயிற்று. வேறெங்கும் நகல் இல்லை. அதிகாரிகள் சொன்ன காரணம்: கொள்ளளவு மிகப் பெரியது, வேகம் குறைந்த அமைப்பு, அதனால் வெளியே பேக்கப் எடுக்க வழியில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிகாபிட் இணைப்பு ஒன்று நடைமுறையில் நொடிக்குச் சுமார் 1.1 ஜிபி கடத்தும். 858 டெராபைட்டுக்கு ஒன்பது நாள் ஆகும். சின்னச் சின்ன ஃபைல்கள் வேகத்தைப் பாதியாக்கிவிடும் என்று வைத்தாலும் மூன்று வாரத்துக்குள் முதல் நகல் முடிந்துவிடும். பிறகு அன்றன்று மாறியதை மட்டும் எடுத்தால் போதும். ஏழு ஆண்டு ஓடிய ஓர் அமைப்பில் மூன்று வாரம் கிடைக்காமலா போயிருக்கும்? "முடியாது" என்பது இயற்பியல் அல்ல, வடிவமைப்பு. ஆளுக்கு எவ்வளவு இடம் என்று திட்ட மேசையில் யாரோ கேட்டிருக்கிறார்கள். தொலைந்தால் எத்தனை மணி நேரத்தில், எந்த வழியாகத் திரும்பக் கொண்டுவருவோம் என்ற கேள்விக்கு அந்த மேசையில் விடை எழுதப்படவில்லை.

அதே மேசை சின்ன அளவில் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகம், கட்டட வரைபட நிறுவனம், அச்சகம், கல்லூரி என எங்கே போனாலும் ஒரு ஷேர்டு ஃபோல்டர் உண்டு. இப்போது அது பெரும்பாலும் தனிப்பெட்டியில் இருப்பதில்லை. திடமான ஒரே சர்வரை வாங்கி, அதில் விஎம்வேர், ஹைபர்-வி, புராக்ஸ்மாக்ஸ் என்று ஒரு ஹைபர்வைசரைப் போட்டு, அதன்மேல் நாலைந்து விர்ச்சுவல் சர்வர்களை ஓட்டுகிறார்கள். கணக்குக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, ஃபைல்களுக்கு ஒன்று. 2007-இல் கேவிஎம் என்ற ஹைபர்வைசர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்துசேர்ந்தது. 2008-இல் மைக்ரோசாஃப்ட் ஹைபர்-வியை வெளியிட்டது. அதன்பின் இது பெரிய நிறுவனங்களின் சொகுசாக இல்லாமல் போயிற்று. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கி, லைசென்ஸை ஆண்டுச் சந்தாவாக மாற்றியதும் பல சிறு அலுவலகங்கள் வியன்னாவிலிருந்து வரும் புராக்ஸ்மாக்ஸ் பக்கம் திரும்பின. அப்படி மாறும் நேரத்தில்தான் அந்தக் கேள்வியும் வருகிறது: "ஃபைல் சர்வருக்கு எத்தனை டெராபைட் ஒதுக்கட்டும்?"

இந்தக் கேள்விக்கு உடனே ஓர் எண்ணைச் சொல்லும் ஆலோசகரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு ஷேர்டு ஃபோல்டர் மட்டும்தான் தேவை, வேறு எந்த சர்வரும் இல்லை என்றால், விர்ச்சுவல் சர்வர் வேண்டாம். நான்கு டிஸ்க் பொருத்தும் நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டி போதும். அது நேரடியாகவே ஷேர் கொடுத்துவிடும். ஹைபர்வைசர் ஏற்கெனவே இருக்கிறது, பயனர்களின் உள்நுழைவு விண்டோஸ் டொமைனோடு இணைந்திருக்க வேண்டும், சர்வர் பழுதானால் ஃபைல் சேவையைப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் மேலே படிப்பதில் பொருள் உண்டு.

மணிக்கணக்கிலிருந்து தொடங்குங்கள்

நாற்பது பேர் வேலை செய்யும் வரைபட அலுவலகம் ஒன்றை வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை ஃபைல் சர்வர் இல்லை. எத்தனை மணி நேரம் தாங்கும்? முதலாளியைக் கேட்டால் "ஒரு நிமிஷம்கூட" என்பார். வற்புறுத்திக் கேட்டால் அரை நாள் என்று இறங்குவார். சரி, ஐந்து மணி நேரம் என்று எழுதிக்கொள்வோம்.

ஒரு கிகாபிட் நெட்வொர்க் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 எம்பி தரும். 4 டெராபைட்டை அந்த வேகத்தில் திரும்ப எழுத ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகும். இதுவும் பெரிய ஃபைல்களாக இருந்தால்தான். லட்சக்கணக்கான சிறு ஃபைல்கள் என்றால் ஒவ்வொன்றையும் திறந்து, எழுதி, மூடி, அனுமதிகளைப் போட்டு முடிப்பதற்குள் வேகம் பல மடங்கு சரியும். ஆக, ஐந்து மணி என்ற வாக்கும் 4 டெராபைட் என்ற ஆசையும் ஒரே கிகாபிட் கம்பியில் சேராது. ஒன்று, பேக்கப் பாதையை மட்டும் 10 கிகாபிட் ஆக்க வேண்டும். அல்லது நடப்பு வேலைக்கான ஃபைல்களைத் தனி டிஸ்க்கில் பிரித்து, அதை முதலில் எழுப்ப வேண்டும். இரண்டாவதற்குச் செலவே இல்லை. ஆனால் திட்டமிடும்போதே செய்ய வேண்டும். பின்னால் பிரிப்பது பெரும்பாடு.

இந்தப் பாடத்தை உலகறியக் கற்றது, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று, நள்ளிரவு நெருங்கும் வேளையில், களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். சுமார் 300 ஜிபி. ஐந்து விதமான பேக்கப், நகல் ஏற்பாடுகள் இருந்தன; ஒன்றும் உருப்படியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் நிலைப்பதிவு) கிடைத்தது. அதோடு முடிந்துவிட்டதா? அந்த நகல் இருந்த சர்வரின் டிஸ்க் மலிவான வகை, வேகம் குறைவு. அங்கிருந்து 300 ஜிபியை நகர்த்த ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. இன்றைக்கு ஒரு கைப்பேசியில் அடங்கும் அளவு அது! நடந்ததை மறைக்காமல் நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. சர்வர் பராமரிப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய அறிக்கை.

அளவைக் கணக்கிடுவது இதற்குப் பிறகுதான். அதற்கும் ஊழியர்களைக் கேட்காதீர்கள்; எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள். இருக்கும் ஃபோல்டர்களை அளந்து, கடந்த பன்னிரண்டு மாதத்தில் புதிதாக வந்தது எவ்வளவு, திறக்கப்படாமலே கிடப்பது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். இன்று 1.5 டெராபைட், ஆண்டுக்கு 400 ஜிபி வளர்ச்சி என்றால் மூன்றாண்டு முடிவில் 2.7 டெராபைட். ஐந்தில் ஒரு பங்கு காலியிடம் வைத்தால் 3.4. ஆனால் முதல் நாளே 3.4 டெராபைட்டைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. 2 டெராபைட்டில் தொடங்கலாம். விர்ச்சுவல் டிஸ்க்கைப் பெரிதாக்குவது ஐந்து நிமிட வேலை, சிறிதாக்குவதுதான் தலைவலி. லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இஎக்ஸ்டி4 சுருங்கும், ஆனால் சேவையை நிறுத்தி, அன்மவுண்ட் செய்த பிறகுதான். இன்னொன்று: டிஸ்க்கின் பகுப்பு முறை பழைய எம்பிஆர் ஆக இருந்தால் 2 டெராபைட்டைத் தாண்ட முடியாது. முதலிலேயே ஜிபிடி என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். விண்டோஸில் என்டிஎஃப்எஸ் போடும்போது கிளஸ்டர் அளவை வழக்கமான 4 கேபி என்று விட்டால் அந்த வால்யூம் 16 டெராபைட்டோடு நின்றுவிடும்.

ஃபைல்கள் எங்கே குடியிருக்கும்?

மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

ஹைபர்வைசரின் டேட்டாஸ்டோரில் ஒரு விர்ச்சுவல் டிஸ்க் உருவாக்கி, ஃபைல் சர்வருக்குக் கொடுப்பது முதல் வழி. ஹைபர்வைசருக்கு அந்த டிஸ்க் ஒரு பெரிய ஃபைல் அல்லது ஒரு வால்யூம், அவ்வளவுதான். எனவே அதை நகலெடுக்கலாம், ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பெட்டிக்கு நகர்த்தலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு இதுவே சரி. ஒரு நிபந்தனை: ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒரு டிஸ்க்கில், ஃபைல்கள் வேறு டிஸ்க்கில். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் போடுகிறவர் முதல் நாள் பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கிறார். மூன்றாம் ஆண்டில் ஒரு வார இறுதியைக் கொடுக்கிறார்.

பெட்டியில் இருக்கும் நிஜ டிஸ்க்குகளையே விர்ச்சுவல் சர்வரிடம் நேரடியாக ஒப்படைப்பது இரண்டாவது. வேகம் கூடும் என்று சொல்லி இதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. விர்ச்சுவல் டிஸ்க்குக்கான இன்றைய விர்ட்டியோ டிரைவர்கள் இருக்கையில் ஃபைல் ஷேருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. மாறாக, அந்த சர்வர் அந்தப் பெட்டியோடு ஆணியடித்ததுபோல் ஆகிவிடும்; நகர்த்தல், ஸ்னாப்ஷாட் எல்லாம் போயிற்று. ட்ரூநாஸ் போன்ற மென்பொருளை விர்ச்சுவல் சர்வரில் ஓட்டி, இசட்எஃப்எஸ் கையில் டிஸ்க்குகளை விடுவதானால் மட்டும் இதற்கு நியாயம் உண்டு. அப்போதும் டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் கொடுக்காமல் கன்ட்ரோலர் அட்டையையே முழுதாக ஒப்படைப்பதுதான் முறை.

நெட்வொர்க்கில் வேறொரு நாஸ் பெட்டி இருக்க, அதை என்.எஃப்.எஸ் என்ற நெறிமுறை வழியாக விர்ச்சுவல் சர்வரில் மவுண்ட் செய்து, அங்கிருந்து சாம்பா என்ற எஸ்.எம்.பி மென்பொருள் வழியாக ஊழியர்களுக்கு மறுபடி பகிர்வது மூன்றாவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஃபைலும் நெட்வொர்க்கில் இருமுறை பயணம் செய்கிறது. ஒருவர் திறந்திருக்கும் ஃபைலை இன்னொருவர் எழுதாமல் தடுக்கும் பூட்டு, இரு வேறு நெறிமுறைகளுக்கு நடுவே மொழிபெயர்க்கப்பட வேண்டியிருக்கிறது. எக்செல் ஃபைலை இருவர் சேர்ந்து கெடுத்துக்கொள்ளும் கதைகளுக்கு இங்கே நல்ல வாய்ப்பு உண்டு. நாஸ் பெட்டி இருக்கிறதா, அதையே நேராகப் பகிரச் செய்யுங்கள். நடுவில் ஒரு தரகர் எதற்கு?

பந்தியும் இலையும்

விர்ச்சுவல் டிஸ்க்கை உருவாக்கும் திரையில் ஒரு சிறிய தேர்வு வரும்: தின்னா, திக்கா? திக் என்றால் 2 டெராபைட் கேட்டவுடன் 2 டெராபைட்டும் அந்த சர்வருக்கென்று ஒதுங்கிவிடும். தின் என்றால் கேட்டது 2 டெராபைட் என்று காகிதத்தில் இருக்கும். எழுத எழுதத்தான் நிஜ இடம் செலவாகும். ஆயிரம் பத்திரிகை வைத்துவிட்டு அறுநூறு இலைக்குச் சமைக்கும் கல்யாண வீட்டுக் கணக்கு இது. பெரும்பாலும் சரியாகவே வரும். முகூர்த்த நாளில் எல்லோரும் வந்துவிட்டால்?

டேட்டாஸ்டோரில் 6 டெராபைட் இருக்க, ஐந்து சர்வர்களுக்கு மொத்தம் 10 டெராபைட் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஒருநாள் யாரோ பழைய வெளி டிஸ்க்கிலிருந்து கல்யாண வீடியோக்களை ஷேரில் கொட்டுகிறார். டேட்டாஸ்டோர் நிரம்புகிறது. அந்த நொடியில் பாதிக்கப்படுவது ஃபைல் சர்வர் மட்டும் அல்ல. அதே டேட்டாஸ்டோரில் தின்னாக இருக்கும் கணக்கு சர்வருக்கும் எழுத இடமில்லை. விஎம்வேர் அப்படிப்பட்ட சர்வர்களை அப்படியே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும். லினக்ஸின் தின் பூல் நிரம்பினால் எழுதுதல் தோற்று, உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டமே சிதையக்கூடும். ஒருவர் கொட்டிய வீடியோவுக்கு சம்பளப் பட்டியல் பலி.

அதற்காகத் தின்னை ஒதுக்க வேண்டாம். நானாக இருந்தால் ஃபைல் டிஸ்க்கைத் தின்னாகத்தான் போடுவேன். ஆனால் மூன்று காவல்கள் இல்லாமல் போடமாட்டேன். டேட்டாஸ்டோர் 75 சதவீதம் தாண்டினால் கைப்பேசிக்குத் தகவல் வர வேண்டும். ஷேருக்குள் துறைவாரியாகக் கோட்டா இருக்க வேண்டும். டிஸ்கார்டு வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஷேரில் 500 ஜிபியை அழித்தால் உள்ளே காலியிடம் தெரியும். ஆனால் அந்த இடம் காலியானது ஹைபர்வைசருக்குத் தானாகத் தெரியாது. டிஸ்கார்டு இருந்தால்தான் அந்தச் செய்தி கீழே போய், நிஜ இடம் திரும்பும். புராக்ஸ்மாக்ஸில் அது ஒரே ஒரு டிக். உள்ளே லினக்ஸ் என்றால் வாரம் ஒருமுறை டிரிம் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடியில் இருக்கும் நிஜ டிஸ்க்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 7,200 சுழற்சி டிஸ்க் ஒன்று நொடிக்கு நூறு சிதறிய வேலைகளைச் செய்தாலே அதிகம். பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு முறைகளில், ரெய்டு 5-இல் ஒரு சிறு எழுத்துக்கு நான்கு டிஸ்க் வேலைகள் செலவாகும், ரெய்டு 10-இல் இரண்டு. நான்கு டிஸ்க் போட்ட பெட்டியில் ஐந்து விர்ச்சுவல் சர்வர்கள் சண்டை போடும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும். முடிந்தால் விர்ச்சுவல் சர்வர்களின் ஆப்பரேட்டிங் சிஸ்டங்களை எஸ்எஸ்டியிலும், ஃபைல்களைச் சுழலும் டிஸ்க்கிலும் பிரித்து வையுங்கள்.

யாரிடம் எந்தப் பாஷை?

மேசைக் கணினிகளுக்கு எஸ்.எம்.பி, சர்வர் அறைக்குள் லினக்ஸும் லினக்ஸும் பேசிக்கொள்ள என்.எஃப்.எஸ். இதுதான் சுருக்கம். இரண்டுமே எண்பதுகளின் குழந்தைகள். எஸ்.எம்.பியை ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் 1983-இல் உருவாக்கினார். என்.எஃப்.எஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் 1984-இல் பிறந்தது. ஒருவரையொருவர் நம்பும் சிறு நெட்வொர்க்குகளுக்காக எழுதப்பட்டவை. அந்த நம்பிக்கை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்.எஃப்.எஸ் வழக்கமான அமைப்பில், "நான் 1001-ஆம் எண் பயனர்" என்று கேட்கும் கணினி சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளும். அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இல்லாமல் அதை ஊழியர்களின் லேப்டாப்புகளுக்குத் திறந்துவிடுவது, வீட்டுச் சாவியை வாசல் நிலையில் வைப்பது போன்ற துணிச்சல் என்றுகூடச் சொல்லமாட்டேன், அறியாமை என்பேன். எஸ்.எம்.பியின் முதல் பதிப்பை அறவே நிறுத்திவிடுங்கள். 2017 மே மாதம் வான்னகிரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பாய்ந்தது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பழைய ஸ்கேனர் ஒன்று முதல் பதிப்பில் மட்டும்தான் பேசும் என்று யாராவது கெஞ்சினால் ஸ்கேனரை மாற்றுங்கள்.

ஷேரில் வைக்கக் கூடாதவையும் உண்டு. அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைலை நெட்வொர்க்கில் வைத்துத் திறப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. டேட்டாபேஸ் ஃபைல்களையும் அங்கே வைக்காமல் இருப்பதே நல்லது. அவற்றுக்கு அவற்றின் சொந்த சர்வர்தான் இடம்.

ஸ்னாப்ஷாட் ஒரு பின்னடி மட்டுமே

அப்டேட் போடும் முன் ஸ்னாப்ஷாட் எடுப்பது நல்ல பழக்கம். எடுத்ததை மறப்பது மிக மோசமான பழக்கம். எடுத்த கணத்திலிருந்து எல்லா மாற்றமும் தனி ஃபைலில் சேர்ந்துகொண்டே போகும். சுறுசுறுப்பான ஃபைல் சர்வரில் அது வீங்கி டேட்டாஸ்டோரையே விழுங்கிவிடும். 72 மணி நேரத்துக்குமேல் ஒரு ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. அதே டிஸ்க்கில் இருப்பது நகலும் அல்ல. ரெய்டுக்கும் இதே பேச்சு பொருந்தும்.

ரான்சம்வேர் காலத்தில் பேக்கப் பற்றி முக்கியமாகப் பார்க்க வேண்டியது, இழுப்பது யார் என்பது. ஃபைல் சர்வரே பேக்கப் இடத்தை மவுண்ட் செய்து அங்கே தள்ளினால், சர்வரைப் பிடித்தவன் பேக்கப்பையும் பிடித்தான். பேக்கப் பெட்டி தனியாக இருந்து, தானே வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஃபைல் சர்வருக்கு அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டே தெரியக் கூடாது. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியே என்ற 3-2-1 விதியைப் பரப்பியவர் சர்வர் நிபுணர் அல்லர், பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர். பறிகொடுத்தால் மறுபடி எடுக்க முடியாத பொருளோடு வாழ்பவருக்குத்தான் இது முதலில் தோன்றியிருக்கிறது.

பேக்கப் வேலையே ஃபைல்களைத் தின்ற கதையும் உண்டு. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் பேக்கப் நிரலை மாற்றியபோது ஏற்பட்ட பிழையால் 77 டெராபைட், சுமார் 3.4 கோடி ஃபைல்கள் அழிந்தன. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் நான்கின் தரவை மீட்கவே முடியவில்லை. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பை எழுதியதுதான் காரணம். ஹெச்பிஇ நிறுவனம் பொறுப்பை ஏற்றது. எனவே காலாண்டுக்கு ஒருமுறை, ஒரு சனிக்கிழமை, பேக்கப்பிலிருந்து ஃபைல் சர்வரை வேறு பெயரில், நெட்வொர்க்கில் இணைக்காமல் எழுப்பிப் பாருங்கள். கடிகாரத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஐந்து மணி என்று எழுதியது ஒன்பது மணி ஆனால், முதலாளியிடம் அந்த எண்ணைக் காட்டி 10 கிகாபிட் அட்டைக்குப் பணம் கேட்கலாம். இதைவிட நல்ல விண்ணப்பம் வேறு கிடையாது.

கடைசியாக, சர்வர் முதுமையடையும் நாள். சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12-இல் முடிகிறது. இன்று போடும் ஃபைல் சர்வருக்கும் அப்படியொரு தேதி உண்டு. அதைத் திட்டத்தாளிலேயே குறித்துவையுங்கள். ஃபைல்கள் தனி விர்ச்சுவல் டிஸ்க்கில் இருந்தால், புதிய சர்வரை நிதானமாகக் கட்டி முடித்து, பயனர் குழுக்களும் எண்களும் பழையபடியே பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, ஒரு மாலையில் பழையதிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டிவிடலாம். டெராபைட் கணக்கில் நகலெடுக்கும் வேலையே இல்லை. ஷேரின் முகவரியையும் சர்வரின் சொந்தப் பெயரில் கொடுக்காமல் டிஎன்எஸ்ஸில் ஒரு பொதுப்பெயரில் கொடுத்திருந்தால், அந்தப் பெயரைப் புதிய சர்வர் பக்கம் திருப்பினால் போதும். நாற்பது கணினிகளிலும் டிரைவ் எழுத்து அப்படியே இருக்கும். பழைய சர்வரை உடனே அழிக்க வேண்டாம். அணைத்து ஒரு மாதம் வைத்திருங்கள். எந்த மூலையிலோ இருக்கும் ஒரு பிரின்டர், ஸ்கேன் செய்த ஃபைலைப் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருப்பது அந்த மாதத்தில்தான் தெரியவரும்.